வேலூர் வெயிலில் கூலன்ட் கோளாறு: அறிகுறி பார்த்துக் கழுவுவதும் வகை மாற்றுவதும்

கத்திரி வெயிலில் கிரீன் சர்க்கிள் சிக்னலில் நிற்கிறீர்கள். ஏசியில் வந்துகொண்டிருந்த குளிர்காற்று மெல்ல வெதுவெதுப்பாகிறது. சூட்டு முள் பாதியைத் தாண்டி ஏறுகிறது. ஓரங்கட்டி நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட்டு, பக்கத்துக் கடையில் ஒரு குடம் தண்ணீர் வாங்கி ஊற்றினால் வண்டி வீடு வந்து சேர்ந்துவிடும். ஆனால் அந்தக் குடத்தில் இருந்தது போர் தண்ணீர் என்றால், அடுத்த வருடக் கோளாறுக்கு அன்றைக்கே விதை போட்டாயிற்று. நம் பக்கத்து போர் தண்ணீரைக் கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. பாத்திரத்தையாவது தேய்த்துக் கழுவலாம்.

சத்துவாச்சாரியில் என் வண்டிக்கும் சொந்தக்காரர்களின் வண்டிகளுக்கும் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்க உள்ளே சுற்றும் திரவம்) வேலையைப் பல வருடங்களாக நானே பார்த்து வருகிறேன். இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, கோளாறு ஃபேனிலோ மூடியிலோ இருக்கும்போது கூலன்ட்டை மாற்றிவிட்டுக் காத்திருப்பது. இன்னொன்று, உண்மையிலேயே கூலன்ட் கெட்டுப்போன வண்டியில் பழசைப் பாதி இறக்கிவிட்டு, மேலே புது வகையை ஊற்றுவது. அதனால் முதலில் அறிகுறி, அப்புறம் ஸ்பேனர்.

தொடுவதற்கு முன் ஒரு விஷயம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீர் அழுத்தத்தில்தான் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த நொடியில் அது ஆவியாகி முகத்தில் அடிக்கும். குறைந்தது ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். மேல் ஹோஸைப் பிடித்து அமுக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் இன்னும் காத்திருங்கள். மின்சார ஃபேன் சாவியை எடுத்த பிறகும் தானாகச் சுழலக்கூடும், அதனால் கை வைப்பதற்கு முன் அதன் ஒயர் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். கொதித்துக்கொண்டிருக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வளையலாம், விரிசல் விடவும் செய்யலாம்.

நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

இதில் கூலன்ட் மேல் குற்றம் இருக்க வாய்ப்பு குறைவு. ஓடும்போது எதிர்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது ஃபேன் மட்டும்தான். ஏசியைப் போட்டுவிட்டு முன்பக்கம் போய்ப் பாருங்கள். ஃபேன் சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகச் சோதியுங்கள். ஃபேன் சுற்றியும் ஏறுகிறது என்றால், ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். புழுதியும் பூச்சியும் கம்பளி மாதிரி அடைத்திருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் அடித்தால் போதும்.

ஊருக்குள் சரி, நெடுஞ்சாலையிலும் மலையிலும் ஏறுகிறது

பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி ஆம்பூர் நோக்கி நூறில் போகும்போதோ, ஏலகிரியின் 14 வளைவுகளில் ஏறும்போதோ மட்டும் முள் எழுந்தால், உள்ளே ஓட்டம் குறைந்திருக்கிறது என்று பொருள். ரேடியேட்டர் குழாய்களில் உப்பு அடைத்திருக்கலாம். நம் மெக்கானிக்குகள் வாட்டர் பாடி என்று சொல்லும் தண்ணீர் பம்பின் இறக்கைகள் அரித்துப்போயிருக்கலாம். இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் பாதிதான் திறக்கலாம்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது எளிது. கழற்றி, நூலில் கட்டி, அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் அடியில் படாமல் தொங்கவிடுங்கள். அதன்மேல் 82 அல்லது 88 என்று எண் பொறித்திருக்கும். தண்ணீர் அந்தச் சூட்டை எட்டும்போது திறக்கத் தொடங்க வேண்டும், கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். ரேடியேட்டர் அடைப்பைப் பார்க்க, வண்டி சூடானதும் நிறுத்தி, ஃபேன் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, தூரத்திலிருந்தே சூடு காட்டும் தெர்மாமீட்டரால் ரேடியேட்டர் முகத்தை நெடுக அளந்து பாருங்கள். சுற்றிலும் சூடாக இருக்க, நடுவில் ஒரு திட்டு மட்டும் சட்டென்று குளிர்ந்திருந்தால் அங்கே ஓட்டமே இல்லை.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு?’ என்று அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். இன்ஜின் தன் சூட்டை எட்ட நேரம் பிடிக்கும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் பைபாஸ் வழி அடைபடும். அந்த வகையில் அதை எடுத்துவிட்டால், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி, முன்பைவிட அதிகமாகச் சூடேறும்.

பாட்டில் நிறைகிறது, தண்ணீர் திரும்ப உள்ளே போவதில்லை

காரணம் மூடிதான். பாட்டில் என்பது சூட்டில் விரிந்து வெளியேறும் கூலன்ட் போய்ச் சேரும் டப்பா. மூடியில் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று அழுத்தத்தைப் பிடித்துவைக்கும், மற்றொன்று இன்ஜின் ஆறும்போது பாட்டிலில் இருக்கும் கூலன்ட்டை உள்ளே இழுக்க வழிவிடும். இரண்டாவது ஒட்டிக்கொண்டால், காலையில் பார்க்கும்போது மேல் ஹோஸ் உறிஞ்சிய ஸ்ட்ராவைப் போலச் சப்பி இருக்கும். முதலாவது தளர்ந்தால் கொதிநிலை இறங்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். நல்ல மூடி போட்டால் 125 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று இருக்கும். அதே எண்ணில் புதியது வாங்குங்கள். கூடுதல் எண் நல்லதென்று போட்டால் ஹோஸும் பழைய இணைப்புகளும்தான் அடி வாங்கும்.

குறைகிறது, ஆனால் எங்கும் ஒழுகவில்லை

வாட்டர் பாடியின் அடியில் சிறு துளை இருக்கும். அதைச் சுற்றிக் காய்ந்த பச்சை அல்லது இளஞ்சிவப்புத் தடம் இருந்தால் அதன் சீல் போய்விட்டது. வண்டிக்குள் இனிப்பு வாடை, கால் விரிப்பில் பிசுபிசுப்பு, கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போன்ற மூட்டம் இருந்தால் ஒழுகுவது ஹீட்டர் கோர், அதாவது வண்டிக்குள் சூட்டுக்காற்று தரும் சிறிய ரேடியேட்டர். நம் ஊரில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை என்றாலும் பெரும்பாலான வண்டிகளில் கூலன்ட் அது வழியாக ஓடிக்கொண்டேதான் இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் விடாமல் வெள்ளைப் புகையும் இனிப்பு வாடையும் வந்தால், அல்லது ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தவுடன் ரேடியேட்டர் வாயில் குமிழி நிற்காமல் வந்தால், இன்ஜின் உடம்புக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். பட்டறைகளில் நீல நிறத் திரவம் கொண்ட ஒரு சோதனைக் குழல் இருக்கும். எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாகும். அது மஞ்சளானால் கழுவும் வேலையை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். கேஸ்கட்டைச் சரிசெய்யாமல் புது கூலன்ட் ஊற்றுவது வீண்.

மூடியைத் திறந்தால் செம்மண் தண்ணீர், பால் டீ அல்லது நுங்கு

கூலன்ட் தன் கோளாறைத் தானே சொல்வது இங்கேதான்.

செம்மண் கரைசல் போல இருந்தால் வெறும் தண்ணீரிலோ, சக்தி தீர்ந்த கூலன்ட்டிலோ வண்டி ஓடியிருக்கிறது. உள்ளே இரும்பு துருப்பிடித்திருக்கிறது. கழுவினால் பெரும்பாலும் சரியாகும்.

பால் டீ போலக் குழம்பி, மேலே எண்ணெய்ப் படலம் இருந்தால் ஆயில் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட், ஆயில் கூலர், ஆட்டோமேட்டிக் கியர் வண்டியானால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் என்று மூன்று இடங்கள் பார்க்க வேண்டும். வண்டியை ஓட்டாதீர்கள்.

நுங்குச் சதை போலக் கொழகொழப்பாக, கட்டியாக இருந்தால் சேராத இரண்டு வகைகள் சேர்ந்திருக்கின்றன. குடியாத்தத்தில் இருக்கும் மாமா வாங்கிய பழைய டீசல் வண்டியில் இதைக் கண்ணாரப் பார்த்தேன். வாங்கும்போதே பாட்டிலில் இளஞ்சிவப்பு கூலன்ட் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கிறது. கடையில் இன்னொரு இளஞ்சிவப்பு வாங்கி நிரப்பிவிட்டார். நான் பாட்டிலைக் கழற்றி அதன் உள்சுவரில் விரலை வைத்துக் காட்டியபோது, “இன்னா மாப்ள, ரெண்டும் ஒரே கலர்தானே, அப்புறம் ஏன் சேரல?” என்றார்.

கீழ் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தினேன். முதலில் ஒரு டம்ளர் அளவு பழுப்புத் தண்ணீர் வந்தது, பிறகு நின்றுவிட்டது. காலி என்று நினைக்கும்படிதான் இருந்தது. சைக்கிள் ஸ்போக் கம்பியின் முனையை வளைத்து உள்ளே விட்டு இழுத்ததும் கட்டைவிரல் பருமனில் ஒரு கொழகொழ உருண்டை வந்தது. அதன் பின்னாலேயே மூன்று லிட்டர் கொட்டியது. உருண்டையைப் பிட்டுப் பார்த்தால் நடுவில் மஞ்சளாகப் பொடி. எப்போதோ யாரோ ஒழுகலை அடைக்க மஞ்சள் தூள் போட்டிருக்கிறார்கள். நடுவழியில் வேறு வழியில்லாதபோது செய்வதுதான், எனக்கும் புரிகிறது. ஆனால் ஊர் வந்ததும் அதை எடுக்க வேண்டும். கடையில் விற்கும் அடைப்புப் பொடிக்கும் இது பொருந்தும்: ஒழுகலையும் அடைக்கும், ஹீட்டர் கோரையும் அடைக்கும்.

நிறம் வேறு, வகை வேறு

மாமா கேட்டதற்குப் பதில் இது. நிறம் என்பது கம்பெனி சேர்க்கும் சாயம் மட்டுமே, அதற்குப் பொது விதி கிடையாது. அடிப்படை எல்லாவற்றிலும் பெரும்பாலும் எத்திலீன் கிளைகால்தான். வகையைத் தீர்மானிப்பது அரிப்பைத் தடுக்கும் மருந்து. பழைய ஐ.ஏ.டி. வகையில் சிலிகேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் இருக்கும். சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடிப்பது போல உள்ளே எல்லா இடத்திலும் படலம் போடும், அதனால் சுமார் இரண்டு வருடத்தில் தீர்ந்துவிடும். ஓ.ஏ.டி. வகையில் கரிம அமிலங்கள்; அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் ஐந்து வருடம்போல வரும். இரண்டையும் கலந்த கலப்பு வகைகளும் உண்டு. டொயோட்டாவின் இளஞ்சிவப்பில் பாஸ்பேட் உண்டு. ஃபோக்ஸ்வாகனின் பழைய ஜி12 இளஞ்சிவப்பில் பாஸ்பேட்டும் இல்லை, சிலிகேட்டும் இல்லை. பார்வைக்குச் சகோதரர்கள், உள்ளே வேறு வேறு.

ஜப்பான்காரர்கள் பம்ப் சீல் தேயும் என்று சிலிகேட்டைத் தவிர்த்தார்கள். ஐரோப்பியர்கள் தங்கள் ஊரின் கடினத் தண்ணீரில் பாஸ்பேட் வீழ்படிவாகும் என்று அதைத் தவிர்த்தார்கள். நமக்கு முக்கியமானது இந்த இரண்டாவது காரணம். பாஸ்பேட் உள்ள கான்சன்ட்ரேட்டை (தண்ணீர் கலக்காத கெட்டிக் கூலன்ட்) வாங்கி வேலூர் போர் தண்ணீரில் கலந்தால், தண்ணீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து ரேடியேட்டருக்குள் கல்லாகும். விலை உயர்ந்த கூலன்ட்டே அடைப்பாக மாறிவிடும்.

எதை ஊற்றுவது? வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள வகையை. ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று எழுதியிருப்பதை அவசரத்துக்குக் கொஞ்சம் சேர்க்கலாம், முழுதாக நிரப்ப நான் விரும்புவதில்லை. ஈயப் பற்று வைத்த பித்தளை ரேடியேட்டர் உள்ள பழைய வண்டிகளுக்கு ஐ.ஏ.டி. வகையே நல்லது. தவறான வகை அரை டம்ளர் கலந்துவிட்டது என்றால் பதற வேண்டாம், இன்ஜின் உடனே கெட்டுவிடாது. நீண்ட ஆயுள் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு சீக்கிரம் மாற்றிவிடுங்கள். எந்த வகை உள்ளே இருக்கிறது என்றே தெரியாத பழைய வண்டி என்றால் ஊகிக்காதீர்கள், முழுதாகக் கழுவிவிடுங்கள்.

கழுவும் முறையும் அதன் கணக்கும்

ஆறிய இன்ஜின். வண்டி சமதரையில். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கீழே அகலமான தொட்டி வைத்து, அடி திருகையோ கீழ் ஹோஸையோ தளர்த்துங்கள். வந்ததை லிட்டர் குறித்த பாத்திரத்தில் ஊற்றி அளந்து எழுதிவையுங்கள். பெரும்பாலோர் விட்டுவிடும் வேலை இதுதான், எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுதான்.

உங்கள் வண்டியின் மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்று வையுங்கள். இறங்கியது 3 லிட்டர். மீதி 2 லிட்டர் இன்ஜின் உடம்பிலும் ஹீட்டர் கோரிலும் நிற்கிறது. இப்போது நேராகப் புது வகையை ஊற்றினால் பத்தில் நான்கு பங்கு பழையதோடு கலந்ததாகிவிடும். அதற்குப் பதிலாக 3 லிட்டர் சுத்தத் தண்ணீர் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் சூடாகும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள். நிறுத்தி, முழுதாக ஆறவிட்டு இறக்குங்கள். இரண்டாவது முறை நிரப்பும்போது பழையது 16 சதவீதம். மூன்றாவது முறை 6 சதவீதத்துக்குப் பக்கம். மூன்றாவது தண்ணீரும் இறங்கிய பிறகுதான் புதுசுக்கு இடம் தயார். ஒவ்வொரு முறையும் ஆற வேண்டியிருப்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போகும். மாமாவின் வண்டிக்கு ஆறு முறை பிடித்தது. ரேடியேட்டரைக் கழற்றி, கடையில் எதிர்த்திசையில் தண்ணீர் அடிக்கக் கொடுக்க வேண்டியும் வந்தது.

தண்ணீர் எது? பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். ஐந்து லிட்டர் கேன் இரண்டு போதும். முதல் சுற்றுக்கு ஆர்.ஓ. தண்ணீர் பரவாயில்லை, கடைசி இரண்டு சுற்றுக்கு வேண்டாம். குழாயில் காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தாலும் அது குடிப்பதற்கு. வாஷிங் சோடா, சலவைத் தூள், ஆசிட் எதையும் ஊற்றாதீர்கள். சோடாவும் ஆசிடும் அலுமினியத்தைத் தின்னும். சலவைத் தூள் நுரைத்துக்கொண்டே இருக்கும்.

இப்போது நிரப்புவது. இங்கேதான் கலந்தே வரும் கூலன்ட் பலரை ஏமாற்றிவிடுகிறது. உள்ளே 2 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. அதன் மேல் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 3 லிட்டர் ஊற்றினால் மொத்தத்தில் கிளைகால் ஒன்றரை லிட்டர்தான். அதாவது 50 அல்ல, 30 சதவீதம். மருந்தும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். அதனால் கழுவிய பிறகு கான்சன்ட்ரேட்தான் வாங்க வேண்டும். மொத்தக் கொள்ளளவில் பாதியை, அதாவது இரண்டரை லிட்டரை முதலில் ஊற்றிவிட்டு, மீதி அரை லிட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர். கெட்டியாக இருந்தால் நல்லது என்று கான்சன்ட்ரேட்டை மட்டும் ஊற்றவும் கூடாது. சூட்டைச் சுமப்பது முக்கியமாகத் தண்ணீர்தான். கிளைகால் அதில் பின்தங்கியது. இரண்டு நாள் ஓட்டிய பிறகு ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் விகிதம் தெரிந்துவிடும்.

கழுவிய பிறகு வரும் அறிகுறிகள்

முள் திடீரென ஏறி இறங்குகிறது, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடைச் சத்தம், இன்ஜின் சூடாக இருந்தும் ஹீட்டரில் குளிர்காற்று: உள்ளே காற்று அடைத்திருக்கிறது. வீட்டு வாசல் சாய்வில் வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். ஆறிய நிலையில் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட்டு, குமிழி அடங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். காற்றுத் திருகு உள்ள வண்டிகளில் அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் வந்ததும் இறுக்க வேண்டும். பல வண்டிகளில் முள் ஒரு பெரிய இடைவெளிக்கு நடுவிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள். அதனால் அந்த ஒரு வாரம், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. கருவியைக் கைப்பேசியோடு இணைத்து நிஜச் சூட்டைப் பார்ப்பது நல்லது.

கழுவுவதற்கு முன் இல்லாத ஒழுகல் இப்போது வந்தால், கழுவியது தவறு என்று எண்ண வேண்டாம். உப்பும் துருவும்தான் அந்த ஓட்டையை இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்தன.

இறக்கிய பழைய கூலன்ட்டைச் சாக்கடையிலோ செடியிலோ ஊற்றாதீர்கள். அது இனிக்கும். வெயில் காலத்தில் தண்ணீர் தேடி அலையும் தெருநாயும் பூனையும் நக்கிக் குடித்துவிடும். சிறுநீரகம் கெட்டுச் சாகும். தொட்டியை ஒரு நிமிடம்கூடத் திறந்துவைத்துவிட்டு நகராதீர்கள். குழந்தை ஒரு வாய் குடித்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைக்குப் போங்கள், டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு. பழையதை மூடியுள்ள கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுங்கள். ஆயிலோடு மட்டும் கலக்க வேண்டாம்.

கடைசியாக, ரேடியேட்டர் பக்கத்தில் சூடு படாத இடத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஊற்றிய வகை, விகிதம், தேதி, கிலோமீட்டர் நான்கையும் அழியாத பேனாவில் எழுதுங்கள். அடுத்த ஒரு வாரம் காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பாட்டிலின் அளவைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் ஒரு விரல்கடை இறங்கினால் அது வெளியேறிய காற்றின் இடம். அதே கலவையால் நிரப்பிக்கொள்ளலாம். நான்காம் நாளும் இறங்கினால் வாட்டர் பாடியின் அடித் துளையிலிருந்து மறுபடி பார்க்கத் தொடங்குங்கள்.